ஏடிஎச்டி இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர், வகுப்பாசிரியர்கள், தனக்கே இது இருக்குமோ என்று சந்தேகம் வந்த பெரியவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிகிச்சை பற்றி இங்கே அதிகம் இல்லை. பரிசோதித்து முடிவுக்கு வருவது எப்படி என்பது மட்டும்தான். அந்த இடத்தில் தவறினால் பின்னால் எடுக்கும் எல்லா முடிவும் தவறிவிடும்.

ஏடிஎச்டின்னா என்ன? சிலர் ஏடிடின்னு சொல்றாங்களே, ரெண்டும் வேறயா?

வயதுக்குப் பொருந்தாத அளவு கவனம் சிதறுவது, ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் இருப்பது, யோசிப்பதற்குள் செய்துவிடுவது ஆகியவை சிறு வயதிலிருந்தே தொடர்ந்து இருந்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அதற்கு ஏடிஎச்டி என்று பெயர். தமிழில் கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்று எழுதுகிறார்கள்.

ஏடிடி என்பது 1980-ல் வந்த பழைய பெயர். 1987-ல் அது ஏடிஎச்டி ஆனது. இப்போது ஒரே பெயருக்குள் மூன்று வகை சொல்வார்கள்: கவனக்குறைவு மேலோங்கியது, துறுதுறுப்பும் அவசரமும் மேலோங்கியது, இரண்டும் கலந்தது. ஓடியாடாத, ஆனால் கவனம் நிற்காத பிள்ளையைத்தான் பேச்சுவழக்கில் இன்னமும் ஏடிடி என்கிறார்கள்.

எந்த டெஸ்ட் எடுத்தா தெரியும்? பிளட் டெஸ்டா, ஸ்கேனா?

எதிலும் தெரியாது. ஏடிஎச்டியைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இன்றைக்குக் கிடையாது. ரத்தம் எடுக்கச் சொன்னால் அது வேறு ஏதாவது காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான். விவரமாகக் கேட்டறிந்து, பல இடங்களிலிருந்து வந்த தகவலை ஒத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். அதனால் இது ஏனோதானோவென்று செய்வது என்று அர்த்தமில்லை. மனச்சோர்வு, ஒற்றைத் தலைவலி போன்றவற்றையும் இப்படிக் கேட்டுத்தான் கண்டறிகிறார்கள்.

அப்போ டாக்டர் எதை வெச்சு முடிவு பண்றார்?

இந்தியாவில் பலரும் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம்-5 விதிகளைப் பார்க்கிறார்கள் (2013-ல் வந்தது, 2022-ல் திருத்தப்பட்டது). உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி என்ற நோய்ப் பட்டியலும் புழக்கத்தில் உண்டு. டிஎஸ்எம்-5-ல் கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள், துறுதுறுப்புக்கும் அவசரத்துக்கும் சேர்த்து 9 அறிகுறிகள். ஏதாவது ஒரு பட்டியலில் 6 அறிகுறிகளாவது இருக்க வேண்டும். 17 வயதும் அதற்கு மேலும் என்றால் 5 போதும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. 6 மாதமாவது நீடித்திருக்க வேண்டும். அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை, நண்பர்கள் என்று குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். படிப்பையோ பிறரோடு பழகுவதையோ வேலையையோ அது உண்மையிலேயே பாதிக்க வேண்டும். வேறொரு நோய் அதை இன்னும் நன்றாக விளக்கிவிடக் கூடாது. இந்த ஐந்தில் ஒன்று இல்லாவிட்டாலும் முடிவு நிற்காது. கீழே வரும் பல பதில்கள் இவற்றில் ஏதாவது ஒன்றிடம்தான் திரும்பி வரும்.

யார்கிட்ட காட்டணும்? கவர்மென்ட்ல பாக்க முடியுமா?

குழந்தைகளுக்கு: குழந்தை மனநல மருத்துவர், குழந்தை வளர்ச்சி மருத்துவர், இதில் பயிற்சி பெற்ற குழந்தை நல மருத்துவர். பெரியவர்களுக்கு: மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் விரிவாகப் பேசிப் பரிசோதித்து அறிக்கை தருவார். மருந்து எழுத முடியாது. அவருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்பதில் தவறில்லை. தெரபி சென்டரில் அரை மணி நேரம் பார்த்துவிட்டு, மருத்துவரே இல்லாமல் 'ஏடிஎச்டி' என்று எழுதிக் கொடுத்து அன்றே தெரபி பேக்கேஜ் பேசினால், பணம் கட்டாமல் எழுந்து வந்துவிடுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலும், குழந்தைகளின் வளர்ச்சிக் கோளாறுகளைப் பார்க்கும் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையங்களிலும் பார்க்கலாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் (ஆர்பிஎஸ்கே) பட்டியலில் ஏடிஎச்டியும் உண்டு. பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவே இந்த மையத்துக்கு அனுப்பி வைக்கலாம். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனமும், பெங்களூரில் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸும் இருக்கின்றன. எங்கே தொடங்குவதென்று தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே கேட்கலாம்.

முதல் தடவ போறப்ப என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

எல்.கே.ஜி. முதல் உள்ள ரேங்க் கார்டுகள், பள்ளி டைரி, இரண்டு மூன்று பாடங்களின் நோட்டுகள், திருத்தின விடைத்தாள்கள். மதிப்பெண்ணைவிட ஆசிரியர் எழுதிய ஒரு வரிக் குறிப்புகள்தான் முக்கியம். 'தெரிந்ததையும் விட்டுவிடுகிறான்', 'பக்கத்துப் பிள்ளையிடம் பேசிக்கொண்டே இருக்கிறாள்' என்று இரண்டு மூன்று வருடம் வேறு வேறு ஆசிரியர்கள் எழுதியிருந்தால் அது வலுவான சான்று. நோட்டில் முதல் அரைப் பக்கம் அழகாகவும் அப்புறம் கோணல்மாணலாகவும் இருப்பது, கணக்கில் விடை சரியாக இருந்து பிளஸ்ஸை மைனஸாகப் பார்த்திருப்பது போன்றவற்றை மருத்துவர் தேடுவார்.

பிரசவ விவரங்களும் வேண்டும்: குறைமாதமா, எடை எவ்வளவு, பிறந்ததும் ஐசியுவில் வைத்தார்களா, ஜுரத்தில் வலிப்பு வந்ததா, எப்போது நடந்தது, எப்போது பேசியது. அப்பா, அம்மா, மாமா, சித்தப்பா யாராவது சின்ன வயதில் இப்படியே இருந்தார்களா என்று வீட்டில் கேட்டு வையுங்கள். ஏடிஎச்டியில் பரம்பரையின் பங்கு பெரிது. இரண்டு வாரம் தூங்கும் நேரம், எழும் நேரம், குறட்டை உண்டா என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனால் ஒரு சந்திப்பு மிச்சமாகும்.

ஒரு ஃபார்ம் குடுத்து டிக் பண்ணச் சொன்னாங்க. அதுல மார்க் எப்படிப் போடுறாங்க?

6 முதல் 12 வயதுக்கு அதிகம் புழங்குவது வாண்டர்பில்ட் படிவம். பெற்றோருக்கு 55 கேள்வி, ஆசிரியருக்கு 43. முதல் 18 கேள்விகள் மேலே சொன்ன 18 அறிகுறிகள். 'இல்லவே இல்லை' 0, 'எப்போதாவது' 1, 'அடிக்கடி' 2, 'மிக அடிக்கடி' 3. இதில் 2 அல்லது 3 போட்டவை மட்டுமே ஒரு அறிகுறியாக எண்ணப்படும். மொத்த மதிப்பெண்ணைக் கூட்டுவதில்லை.

ஒரு உதாரணம். கவனக்குறைவின் 9 கேள்விக்கு ஒரு பையனுக்கு 3, 2, 2, 1, 3, 2, 0, 2, 1 என்று வருகிறது. கூட்டினால் 16. ஆனால் 2-க்குக் குறையாதவை ஆறு, அதனால் வரம்பைத் தொட்டுவிட்டான். இன்னொருவனுக்கு 3, 3, 3, 3, 3, 1, 1, 0, 0. கூட்டினால் 17, ஆனால் எண்ணிக்கை ஐந்துதான், தொடவில்லை. கடைசிப் பகுதியில் படிப்பு, நண்பர்கள் பற்றிய கேள்விகள் 1 முதல் 5 வரை இருக்கும். அதில் ஒன்றாவது 4 அல்லது 5 ஆக வந்தால்தான் பாதிப்பு இருக்கிறது என்று கணக்கு. பலர் இந்தப் பகுதியைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் படிவமே பாதிதான்.

அப்பாவும் அம்மாவும் தனித்தனியே நிரப்புங்கள், பேசி வைத்துக்கொண்டு ஒரே மாதிரி போடாதீர்கள். நேற்று நடந்த சண்டையை மனதில் வைத்து நிரப்பக் கூடாது. கடந்த 6 மாதத்தை நினைத்து, அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு நிரப்ப வேண்டும். ஜூனில் பள்ளி திறந்தவுடன் புது ஆசிரியரிடம் நீட்டினால் அவருக்கு எதுவும் தெரியாது. போன வருட ஆசிரியரிடம் கேளுங்கள், இல்லாவிட்டால் ஒன்றிரண்டு மாதம் போகட்டும்.

டீச்சர் ஃபார்ம்ல ஒண்ணுமே இல்லன்னு வந்திருக்கு. வீட்டுலயோ தாங்க முடியல. யாரை நம்புறது?

இருவரையும்தான். வித்தியாசம் வந்தால் ஏன் என்று பார்க்க வேண்டும். 45 பேர் உள்ள வகுப்பில் தொந்தரவு செய்யாத பிள்ளை ஆசிரியர் கண்ணில் படாமல் போகலாம். கடுமையான கட்டுப்பாடுள்ள பள்ளியில் பகலெல்லாம் அடக்கி வைத்திருந்து வீட்டில் வெடிக்கும் பிள்ளைகளும் உண்டு. வீட்டில் மட்டும் இருக்கிறதென்றால், தூக்கம், பெற்றோருக்குள் சண்டை, வீட்டுப்பாடச் சுமை, அண்ணன் தம்பிப் போட்டி என்று வீட்டுக்குள்ளேயே காரணம் இருக்கலாம்.

பள்ளியில் மட்டும் இருந்தால் கற்றல் குறைபாடு, காது, கண், யாராவது கேலி செய்வது, புரியாத பயிற்று மொழி ஆகியவற்றை முதலில் பார்ப்பார்கள். டியூஷன் அக்கா, டான்ஸ் மாஸ்டர், கிரிக்கெட் கோச் என மூன்றாவது ஆளின் கருத்து இங்கே மிகவும் உதவும்.

டிவி, மொபைல்னா ரெண்டு மணி நேரம் அசைய மாட்டான். அப்போ ஏடிஎச்டி இல்லதானே?

அதை வைத்து இல்லை என்று சொல்ல முடியாது. கேம் நொடிக்கொரு பரிசு தருகிறது, படம் நொடிக்கொரு தடவை மாறுகிறது. அங்கே கவனத்தைப் பிடித்து வைப்பது திரைதான், பிள்ளை அல்ல. சுவாரசியமில்லாத, உடனே பலன் தெரியாத வேலையில் தானாகக் கவனத்தை நிறுத்த முடிகிறதா என்பதே கேள்வி. பத்து வரி கையெழுத்து, பல் தேய்த்துக் கிளம்புவது, சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

மறுபக்கமும் உண்டு. ராத்திரி 12 மணி வரை மொபைல் பார்த்துத் தூக்கம் கெட்ட பிள்ளை பகலில் அப்படியே ஏடிஎச்டி போலத்தான் இருக்கும். 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். அது கிடைக்காத பிள்ளைக்கு முதலில் அதைச் சரிசெய்துவிட்டு அப்புறம் பார்ப்பதுதான் சரி.

டாக்டர் ரூம்ல சமத்தா உக்காந்திருந்தான். அவர் நம்மள நம்புவாரா?

அனுபவமுள்ள மருத்துவர் அதை வைத்து முடிவு செய்ய மாட்டார். புது இடம், புது ஆள், தனக்கு மட்டும் கிடைக்கும் கவனம் எல்லாம் சேர்ந்தால் பல பிள்ளைகள் இருபது நிமிடம் நன்றாக இருப்பார்கள். அங்கே ஆடினால் ஏடிஎச்டி என்றும் இல்லை. அதனால்தான் இரண்டு இடத் தகவல் வேண்டும் என்ற விதி.

மூணு வயசுதான். ஒரு நிமிஷம் நிக்க மாட்டேங்குறா. இப்பவே பாத்துடலாமா?

பேச்சு, நடை, பழகுவது ஆகியவற்றில் சந்தேகம் இருந்தால் இப்போதே காட்டுங்கள். ஏடிஎச்டி என்று முடிவு கட்ட மட்டும் வயது போதாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலே 4 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு முதல் படி, பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி. இன்னொன்று: வகுப்பிலேயே வயதில் சிறிய பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் அதிகம் சூட்டப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பத்து மாதம் சிறியவளை மூத்தவளோடு ஒப்பிட்டால் அப்படித்தான் தெரியும்.

பொண்ணு அமைதியாதான் இருக்கா. கனவுலயே இருக்கான்னு டீச்சர் சொல்றாங்க. இதுவும் அதுதானா?

இருக்கலாம். பெண் பிள்ளைகளிடம் கவனக்குறைவு மேலோங்கிய வகை அதிகம் தென்படுகிறது. யாருக்கும் இடைஞ்சல் இல்லாததால் யாரும் அனுப்பி வைப்பதில்லை. 'சோம்பேறி', 'மந்தம்' என்று பெயர் வாங்கி வளர்ந்துவிடுகிறார்கள். அந்தப் பெயர் உள்ளே செய்யும் காயம் சாதாரணமானதில்லை. தண்ணீர் பாட்டில் தொலைப்பது, சொன்ன மூன்று வேலையில் ஒன்றை மட்டும் செய்வது, படித்த பக்கத்தையே மறுபடி படிப்பது, தெரிந்த கேள்வியைப் பரீட்சையில் கவனிக்காமல் விடுவது ஆகியவை இருக்கின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.

வேற எந்தப் பிரச்சினையெல்லாம் பாக்க இப்படியே தெரியும்?

நிறைய. சளி பிடித்துக் காதுக்குள் நீர் கோத்துக்கொண்ட பிள்ளை கூப்பிட்டால் திரும்பாது. பரிசோதித்தால் கேட்கும் திறன் குறைந்திருக்கும். கரும்பலகை தெரியாத பிள்ளை பக்கத்து நோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும். மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதை வீங்கி வாயால் மூச்சுவிட்டுக் குறட்டை விடும் பிள்ளைக்கு ராத்திரித் தூக்கம் துண்டு துண்டாகிப் பகலில் துறுதுறுப்பாக வெளிப்படும். பெரியவர்கள் தூக்கம் கெட்டால் சோர்வார்கள். பிள்ளைகள் பலர் ஆடுவார்கள். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு ஆகியவற்றுக்கு அறிகுறி இருந்தால் ரத்தம் எடுப்பார்கள்.

தவறவிடக் கூடாத ஒன்று, சில விநாடிகள் மட்டும் வரும் வலிப்பு. பேசிக்கொண்டே இருக்கும் பிள்ளை சட்டென்று நின்று, கண் நிலைகுத்தி, 5 முதல் 15 விநாடி கழித்து விட்ட இடத்திலிருந்து தொடரும். கனவில் இருக்கும் பிள்ளையைத் தோளில் தொட்டால் திரும்பும். இந்த வலிப்பில் தொட்டாலும் திரும்பாது. சந்தேகம் வந்தால் மருத்துவர் மூன்று நிமிடம் வேகமாக மூச்சுவிடச் சொல்லிப் பார்ப்பார், மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி சோதனைக்கு எழுதித் தருவார். மொபைலில் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள், அது பத்து வார்த்தை விளக்கத்தைவிட மேல்.

மனப்பதற்றம், மனச்சோர்வு, ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, அடி அல்லது பாலியல் தொல்லைக்கு ஆளானது ஆகியவையும் கவனத்தைச் சிதறடிக்கும். இவற்றில் சில ஏடிஎச்டியோடு சேர்ந்தும் வரும். ஆட்டிசமும் ஏடிஎச்டியும் ஒருவருக்கே இருக்கலாம் என்று டிஎஸ்எம் ஒப்புக்கொண்டதே 2013-ல்தான்.

ஐக்யூ டெஸ்ட் கட்டாயமா?

ஏடிஎச்டிக்கு மட்டும் என்றால் தேவையில்லை. படிப்பு ரொம்பவும் பின்தங்கியிருந்தால் வேண்டும். வகுப்புப் பாடமே பிள்ளைக்குக் கடினமா, எழுத்துக்கூட்டலில் கோளாறா, கவனம்தான் காரணமா என்று பிரிக்க அது உதவும். நம் ஊரில் பினே-காமத், மாலின் என்ற ஐக்யூ சோதனைகளும், கற்றல் குறைபாட்டுக்கு நிம்ஹான்ஸ் சோதனைத் தொகுப்பும் புழக்கத்தில் உள்ளன. காலையில், சாப்பிட்டுவிட்டு, தூங்கி எழுந்த பிள்ளையைக் கூட்டிப் போங்கள். கவனம் சிதறி விடை தவறினால் ஐக்யூ உள்ளதைவிடக் குறைவாக வரும். அதை அறிக்கையில் குறிப்பிட வேண்டும்.

கம்ப்யூட்டர்ல ஒரு டெஸ்ட், பிரெயின் மேப்பிங்னு ஒண்ணு. பல ஆயிரம் கேக்குறாங்க. எடுக்கலாமா?

கம்ப்யூட்டர் சோதனையில் திரையில் எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வரும்; குறிப்பிட்டது வந்தால் மட்டும் பொத்தானை அழுத்த வேண்டும். எத்தனை தவறவிட்டார், எத்தனை தவறி அழுத்தினார் என்று கணக்கு. ஏடிஎச்டி உள்ளவர் நன்றாகச் செய்துவிடலாம், இல்லாதவர் தூக்கக் கலக்கத்தில் சொதப்பலாம். கூடுதல் தகவலாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. பிரெயின் மேப்பிங் என்பது இஇஜி அலைகளைக் கணினியில் படமாக்குவது. அதை வைத்து மட்டும் ஏடிஎச்டி என்று சொல்ல முடியாது. வலிப்புச் சந்தேகத்துக்கு எடுக்கும் இஇஜி வேறு. கையில் இருக்கும் பணத்தை ஒழுங்கான இரண்டு சந்திப்புக்குச் செலவழியுங்கள்.

மாத்திரை குடுத்துப் பாப்போம், கேட்டா ஏடிஎச்டி, இல்லன்னா இல்ல. இது சரியா?

சரியில்லை. ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்து, அது இல்லாதவருக்கும் கவனத்தைக் கூட்டும். இருப்பவர்களிலும் சிலருக்கு முதல் மருந்து கேட்காது. முடிவு முதலில், மருந்து பிறகு. அந்த மருந்து இந்தியாவில் கடும் கட்டுப்பாடுள்ள எக்ஸ் அட்டவணையில் இருப்பதால் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், கடைக்காரர் ஒன்றை வைத்துக்கொள்வார். தொடங்கும் முன் உயரம், எடை, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்த்து, குடும்பத்தில் இள வயதில் திடீர் மாரடைப்பு மரணம் உண்டா என்று கேட்க வேண்டும்.

ஏழாவது வரைக்கும் நல்லாதான் இருந்தான். இப்பதான் திடீர்னு கவனமே இல்ல.

உண்மையிலேயே திடீரென்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள்: மனச்சோர்வு, கேலி, வீட்டில் ஏதோ இழப்பு, தூக்கம், போதைப் பழக்கம். ஆனால் 'நல்லா இருந்தான்' என்பதையும் கிளறிப் பார்க்க வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வைத்ததால் ஓடிய வண்டி, பாடம் கூடியதும் நின்றிருக்கலாம். மூன்றாம் வகுப்பு ரேங்க் கார்டுக் குறிப்பு இதற்கு விடை சொல்லும்.

எனக்கு 34 வயசு. ஆன்லைன்ல ஆறு கேள்வி டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்துச்சு. எனக்கு ஏடிஎச்டியா?

அந்த ஆறு கேள்வி பெரும்பாலும் பெரியவர்களுக்கான ஏஎஸ்ஆர்எஸ் படிவத்தின் முதல் பகுதி. முழுப் படிவத்தில் 18 கேள்வி. முதல் மூன்று கேள்விக்கு 'சில நேரம்' என்றாலே ஒரு புள்ளி, அடுத்த மூன்றுக்கு 'அடிக்கடி' என்றால்தான். 4 வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்று அர்த்தம், அவ்வளவே. குழந்தை பிறந்த புதிதில் தூக்கமில்லாத அப்பாவும் ஆறு மாதமாக வேலைப் பளுவில் தவிப்பவரும் எளிதாக 4 வாங்கிவிடுவார்கள்.

அடுத்த படி நேரில் பேசுவது. டீவா-5 போன்ற முறையான நேர்காணலில் 18 அறிகுறிகளையும் இப்போதும் சிறு வயதிலும் என்று இரண்டு தடவை கேட்டு, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் வாங்குவார்கள். ஈபி பில்லுக்குப் பணம் இருந்தும் இணைப்பைத் துண்டிக்கும்வரை கட்டாதது, கடைசி ராத்திரி மட்டும் வேலை ஓடுவது, பேச்சில் குறுக்கே விழுவதால் வரும் சண்டை போன்றவற்றைச் சொல்லுங்கள். மனைவியோ கணவரோ உடன் வந்தால் நல்லது. பெரியவர்களிடம் ஓட்டம் குறைந்து உள்ளுக்குள் ஒரு நிம்மதியின்மையாக மாறியிருக்கும்.

மார்க் எல்லாம் நல்லா எடுத்தேன். சின்ன வயசப் பத்திச் சொல்ல அப்பா அம்மாவும் இல்ல.

நல்ல மதிப்பெண் ஏடிஎச்டியைத் தள்ளிவிடாது. அதற்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று பார்க்க வேண்டும்: விடிய விடியக் கண்விழித்தல், அடிக்குப் பயந்து படித்தது, ஹாஸ்டல் வந்ததும் சரிந்தது. அண்ணன், அக்கா, அத்தை, பள்ளித் தோழர் யாராவது சொன்னாலும் போதும். எதுவுமே கிடைக்காவிட்டால் உங்கள் நினைவை வைத்துக் கவனமாகப் பார்ப்பார்கள், ஆனால் முடிவின் உறுதி குறையும். அதை மருத்துவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

டிப்ரஷனும் இருக்கு. எதை முதல்ல பாக்கணும்?

பொதுவாக எது கடுமையோ அதை. காலவரிசைதான் சாவி. மனச்சோர்வும், அளவுமீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலாரும் வந்து வந்து போகும். ஏடிஎச்டி சிறு வயதிலிருந்து விடாமல் இருக்கும். சோர்வு தெளிந்த மாதங்களிலும் கவனம் அப்படியே இருந்ததா என்று யோசித்துச் சொல்லுங்கள். குடி, கஞ்சா இருந்தால் மறைக்காதீர்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வதை ரகசியமாக வைக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு. தற்கொலை எண்ணம் இருந்தால் பரிசோதனை வரிசைக்குக் காத்திருக்காமல் அன்றே போங்கள்.

ஏடிஎச்டி சர்டிபிகேட் இருந்தா பரீட்சைல எக்ஸ்ட்ரா டைம் கிடைக்குமா?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை. குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கற்றல் குறைபாடும் இருப்பதால், அதற்கான சோதனையை 8 வயதுக்கு மேல் தனியாகச் செய்துகொள்ளுங்கள். அது உறுதியானால் அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழ் வழியாகச் சலுகை கேட்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மூன்று மாதம் முன்பு ஓடினால் வேலை நடக்காது. ஏடிஎச்டி மட்டும் என்றால், வகுப்பில் முன் பெஞ்சு, வீட்டுப்பாடத்தைத் துண்டாகப் பிரிப்பது போன்றவற்றுக்கு மருத்துவரின் கடிதத்தோடு பள்ளி முதல்வரிடம் பேசலாம்.

ஒருத்தர் இருக்குங்குறார், இன்னொருத்தர் இல்லங்குறார். இப்ப என்ன பண்றது?

இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். யார் யாரிடம் தகவல் வாங்கினார்கள், எந்தப் படிவம், எத்தனை அறிகுறி, எந்த வயதிலிருந்து, எந்தெந்த இடத்தில், என்ன பாதிப்பு, வேறு எந்த நோயை ஏன் விலக்கினார்கள் என்று ஒவ்வொன்றிலும் தேடுங்கள். மூன்றாவது பதிலில் சொன்ன ஐந்துக்கும் விடை உள்ள அறிக்கைக்கு எடை அதிகம். 'ஏடிஎச்டி, தெரபி தேவை' என்ற ஒற்றை வரியையும், 'நல்லாதான் இருக்கான், வளர்ந்தா சரியாயிடும்' என்ற ஒற்றை வரியையும் ஒரே மாதிரி ஒதுக்கலாம்.

இரண்டும் முழுமையாக இருந்தும் முடிவு மாறினால் பிள்ளை வரம்புக்கு அருகில் இருக்கிறது என்று பொருள். தூக்கத்தையும் பள்ளி உதவியையும் சரிசெய்து, ஆறு மாதம் கழித்து அதே படிவங்களை அதே ஆட்களிடம் நிரப்பி வாங்கிக்கொண்டு, இருவரில் அதிகம் கேள்வி கேட்டவரிடமே மறுபடி போங்கள்.